கழட்டின பேட்ச்ல இன்னும் மருந்து இருக்கு

இந்த வாரம் ஒரு ஸ்டிக்கரைப் பத்திப் பேசலாம். தோல்ல ஒட்டினா, தோல் வழியாவே உடம்புக்குள்ள மருந்து போற பேட்ச். ஊசி வேண்டாம், மாத்திரை முழுங்க வேண்டாம். கேட்க ரொம்ப சாதுவா இருக்கு, இல்லையா? இதுல ஒரு டிசைன் சிக்கல் இருக்கு. அது வீட்டுல இருக்கற சின்னக் குழந்தை வரைக்கும் போகுது.

முதல்ல தோல் எப்படித் தடுக்குதுன்னு பார்த்துடுவோம். தோலோட மேல்புறத்துல இறந்த செல்களால் ஆன ஒரு அடுக்கு இருக்கு. தடிமன் சுமார் 10லிருந்து 20 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. ஆனா செங்கல் அடுக்கி நடுவுல சாந்து பூசின சுவர் மாதிரி அமைப்பு. செல்கள்தான் செங்கல், கொழுப்புதான் சாந்து. வெளியில இருக்கறது எதுவும் சுலபமா உள்ள வந்துடக் கூடாதுங்கறதுதான் அதோட வேலையே.

இந்தச் சுவரைத் தாண்டணும்னா, மருந்து மூலக்கூறு சின்னதா இருக்கணும், பொதுவா 500 டால்டனுக்குக் கீழே. கொழுப்புல ஓரளவு கரையணும். ரொம்பக் கொஞ்சமா போனாலே வேலை செய்யணும். காய்ச்சலுக்கு நாம போடற பாராசிட்டமால் ஒரு மாத்திரையே 500 இல்லன்னா 650 மில்லிகிராம். அவ்வளவையும் ஒரு பேட்ச் வழியா அனுப்ப முடியாது. இன்சுலின் கிட்டத்தட்ட 5,800 டால்டன். சாதாரண பேட்ச்ல வெச்சா சுவரைத் தாண்டாது.

அதனால பேட்ச்ல வந்த மருந்துகள் குறைவு. அமெரிக்காவில் 1979ல அனுமதி கிடைச்ச முதல் பேட்ச், பயணத்துல வர்ற குமட்டலுக்கான ஸ்கோபோலமைன். காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா மூணு நாளைக்குத் தாங்கும். பிறகு சிகரெட்டை விடறதுக்கான நிகோட்டின் பேட்ச் வந்தது.

இன்னைக்கு நான் விரிவா பேசப்போறது ஃபென்டனில் பேட்ச். தீவிரமான, விடாத வலிக்கு, முக்கியமா புற்றுநோய் வலிக்குக் கொடுக்கறது. மார்ஃபினை விட 50லிருந்து 100 மடங்கு வீரியம். வாய் வழியா எதுவும் சாப்பிட முடியாதவங்களுக்கு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி மருந்து கொடுக்க வேண்டாம். ஒரு தடவை ஒட்டினா 72 மணி நேரம். அந்தக் குடும்பம் ராத்திரி தூங்கும். இது சின்ன விஷயம் இல்ல.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 25 மைக்ரோகிராம் கொடுக்கற ஒரு பேட்ச்சை எடுத்துக்குவோம். 72 மணி நேரத்துக்கு 1,800 மைக்ரோகிராம், அதாவது 1.8 மில்லிகிராம். ஆனா பரவலா விற்கற ஒரு பேட்ச்ல உள்ள வெச்சிருக்கறது 4.2 மில்லிகிராம். மூணு நாள் கழிச்சு கழட்டும்போது பாதிக்கு மேல மிச்சம்!

ஏன் இப்படி? யாரோ கணக்குல தப்பு பண்ணலை. மேல்நிலைத் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணி குறையக் குறைய குழாய்ல வேகம் குறையும். பேட்ச்லயும் மருந்து, அடர்த்தி அதிகமான இடத்துலேர்ந்து குறைவான இடத்துக்குப் போகுது. தேவையான அளவு மட்டும் வெச்சா, மூணாவது நாள் அடர்த்தி குறைஞ்சு, மருந்து போற வேகமும் விழுந்துடும். வலி திரும்ப வரும். கடைசி மணி நேரம் வரைக்கும் ஒரே சீரா போகணும்னா, தொட்டியில நிறைய மிச்சம் இருந்தே ஆகணும். நோயாளிக்கு அது மென்மையா இருக்கறதுக்கும், கழட்டின பிறகு ஆபத்தா இருக்கறதுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இன்னொரு விஷயம். நாங்க டிப்ளாய் பண்ணது சொதப்பினா ரோல்பேக் பண்ணிடுவோம். இங்க அது கிடையாது. பேட்ச்சை எடுத்த பிறகும், தோல்ல தேங்கின மருந்து உள்ள போய்க்கிட்டே இருக்கும். ரத்தத்துல அளவு பாதியாகவே 20லிருந்து 27 மணி நேரம் ஆகும். சூடு பட்டா வேகம் கூடும். அதனாலதான் அது மேல வெந்நீர்ப் பையோ ஹீட்டிங் பேடோ வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. கடும் காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

டிசைன் மாறவே இல்லையான்னா, மாறியிருக்கு. பழைய வகையில மருந்து ஜெல்லா ஒரு சின்னப் பைக்குள்ள இருந்தது. பை கசிஞ்சா மொத்தமும் ஒரேயடியா வெளிய வரும். 2004லயும் 2008லயும் அமெரிக்காவில் அப்படிக் கசிவுக்காகவே பேட்ச்களைத் திரும்ப வாங்கினாங்க. இப்போ பசைக்குள்ளயே மருந்தைக் கலந்துடறாங்க. கசியறதுக்குப் பை இல்ல.

ஆனா பசைக்கும் ஒரு இக்கட்டு இருக்கு. மூணு நாள் வியர்வை, குளியல் எல்லாம் தாங்கி ஒட்டணும். எடுக்கும்போது வயசானவங்களோட மெல்லிசான தோலையும் பிச்சுக்கிட்டு வரக் கூடாது. மென்மையான பசைன்னா ஓரம் கிளம்பும். ஓரம் கிளம்பின பேட்ச், மடியில படுத்திருக்கற குழந்தை மேல ஒட்டிக்கலாம். குப்பைக்கூடையில கிடந்தா, குழந்தைக்கு அது வெறும் ஸ்டிக்கர்தான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012ல ஒரு எச்சரிக்கை விட்டது. அதுக்கு முந்தின 15 வருஷத்துல குழந்தைகள் தெரியாம இந்தப் பேட்ச்ல மாட்டின 26 சம்பவங்களைப் பார்த்திருக்காங்க. 10 குழந்தைகள் இறந்திருக்காங்க. 26 பேர்ல 16 பேர் ரெண்டு வயசோ அதுக்குக் கீழேயோ. அடுத்த வருஷம், பேட்ச் மேல பேரும் அளவும் பளிச்சுனு தெரியற மையில இருக்கணும்னு கேட்டாங்க. கீழ விழுந்தா கண்ணுக்குத் தெரியணும் இல்லையா? பொதுவா மருந்தைக் கழிவறையில கொட்டாதீங்கன்னு சொல்றவங்களே, இதை மடிச்சு ஃப்ளஷ் பண்ணச் சொல்றாங்க. வீட்டுல ஒரு நிமிஷம்கூட கிடக்கக் கூடாதுங்கறதுக்காக.

என்னைப் பொறுத்தவரை, இந்தப் பொருளோட ஆயுள் 72 மணி நேரம் இல்ல. பத்திரமா அப்புறப்படுத்தற வரைக்கும் அது வேலையில இருக்கு. டிசைன் பண்றவங்க கணக்கும் அதுவரைக்கும் போகணும்.

உங்க வீட்டுல யாருக்காவது இந்தப் பேட்ச் கொடுத்திருந்தா, தயவுசெஞ்சு இதைச் செய்யுங்க. கழட்டின உடனே பசைப் பக்கம் உள்ள வர்ற மாதிரி ரெண்டா மடிச்சு ஒட்டுங்க. திறந்த குப்பைத்தொட்டியில போடாதீங்க. எப்படி அப்புறப்படுத்தணும்னு பேட்ச் எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ முதல் நாளே கேட்டுக்கோங்க. ஒட்டின பேட்ச் இடத்துல இருக்கான்னு தினமும் ஒரு தடவை பாருங்க. குழந்தை மேல ஒட்டியிருந்தா உடனே எடுத்துட்டு, தூங்கறானேன்னு காத்திருக்காம 108க்குக் கூப்பிடுங்க. தூக்கமே முதல் அறிகுறியா இருக்கலாம்.

பயந்துபோய், வலியில இருக்கறவங்களோட பேட்ச்சை நீங்களா நிறுத்திடாதீங்க. அது அவங்களுக்குத் தேவை. இந்த எபிசோடை, வீட்டுல பேட்ச் மாத்தற பொறுப்புல இருக்கறவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.