செய்யும் வேலையில் மனநிறைவு

 

"வேலையில் மனம் ஒட்டவில்லை" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். சம்பளம் போதாது என்பதைவிட, இந்த உழைப்பால் யாருக்கு என்ன பயன் என்பதே அவர்கள் கேள்வி.

லிட்டில் இந்தியா டன்லப் ஸ்திரீட்டில் நாம் தொழும் பள்ளிவாசலுக்குப் பெயர் தந்த ஷேக் அப்துல் கபூர், ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் தலைமைக் கிளார்க். வக்ஃபு இடத்தின் பொறுப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். அங்கே கடைவீடுகளும் குதிரை லாயங்களும் எழுந்தன. அவற்றின் வாடகை 1907இல் தொடங்கிய புதிய பள்ளிவாசலுக்கு உதவியது. பத்திரம், வாடகை, கணக்கு எல்லாம் கிளார்க்குகள் அன்றாடம் பார்க்கும் வேலைதான். அந்த வேலையே இங்கு தொழுமிடமாக நிற்கிறது.

ஆகவே, வேலையை விடுமுன் அதன் பயனைத் தேடுவோம். நாணயமாற்றுக் கடையில் நாம் எண்ணிக் கொடுக்கும் பணத்தோடுதான் ஒரு தொழிலாளி ஊருக்கு விமானம் ஏறுகிறார். கணக்குத் தெரிந்தவர் வாரம் ஒரு மணி நேரம் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கலாம். கணினி தெரிந்தவர் முதியோருக்குப் படிவம் நிரப்பித் தரலாம். தேங்கிவிட்டோம் என்று தோன்றினால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் புதிதாக ஒன்று கற்போம். ஆனால் அநியாயத்தைச் சகித்துக் கிடப்பது மனநிறைவு ஆகாது. அங்கிருந்து விலகுவதே சரி.

ஹலாலான உழைப்பு எதுவும் சிறிதல்ல; அது அமானிதம். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.