புதிய கோழிகள் வளவுக்குள் வரும்போது

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கோழி வளர்ப்புப் பயிற்சியில் ஆற்றப்பட்ட உரை)



வாழ்வாதார உதவியாக உங்களிற் சிலருக்கு முட்டையிடத் தொடங்காத இளம் பேட்டுக் கோழிகள் கிடைக்க இருக்கின்றன. வேறு சிலர் சந்தையில் வாங்குகிறீர்கள். ஊருக்குத் திரும்பிய பின் இரண்டு மூன்று ஊர்க்கோழிகளைத் தேடிப்பிடித்து வளர்த்து வருகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பழைய கோழிகளோடு புதிய கோழிகளைச் சேர்க்கும் நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிள்ளைகளின் கொப்பிக்கும் வீட்டுச் சீனிக்கும் முட்டைக் காசையே நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. அந்தக் கோழிகள் ஒரே கிழமையில் செத்துப்போனால் திரும்ப வாங்குவதற்குக் கையில் காசு இராது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நோய் உள்ள கோழி எப்போதும் நோயாளியைப் போலத் தெரியாது. நியூகாசில் நோய் தொற்றிய கோழி சில நாட்களுக்கு நன்றாகவே இரை எடுக்கும். அந்த நோய் வெளியே தெரிய இரண்டு கிழமை வரைகூடச் செல்லலாம். ஒருமுறை சளி நோய் வந்து தப்பிய கோழி, சுகமான பிறகும் கிருமியைச் சுமந்து திரியும். ஆகவே புதிய கோழி பழைய கோழிக்கு நோயைக் கொடுக்கலாம். பழைய கோழியும் புதியதற்குக் கொடுக்கலாம். உங்கள் வளவு மண்ணில் உள்ள கிருமிகளுக்கு ஊர்க்கோழிகள் பழகியிருக்கும். பண்ணையில் வளர்ந்த குஞ்சுக்கு அந்தப் பழக்கம் இராது. பயணத்தில் களைத்து, இடம் மாறிப் பயந்திருக்கும் கோழிக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கும்.

அதனால், கொண்டுவந்த அன்றே புதிய கோழிகளைப் பழைய கூட்டில் விடாதீர்கள். ஒரு மாதம், அதாவது 30 நாட்கள், தனியாக வைத்திருங்கள். வளவின் மறுபக்கத்தில் நாலு தடிகளை நட்டு, கிடுகும் வலையும் கட்டி, மேலே தறப்பாள் போட்டால் போதும். காற்று புதிய கோழிகளின் பக்கமிருந்து பழைய கோழிகளின் பக்கம் வீசாதபடி இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். தடிக்கும் ஓலைக்கும் என்று கண்ணிவெடி அகற்றப்படாத காணிகளுக்குள்ளும் சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்குள்ளும் போக வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

தனியாக வைப்பது என்றால் தண்ணீர்ச் சட்டி, இரைத் தட்டு, விளக்குமாறு எல்லாமே வேறாக இருக்க வேண்டும். காலையில் பழைய கோழிகளைக் கவனித்த பின்பே புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். செருப்பில் ஒட்டும் எச்சத்தோடும் கிருமி வரும். எனவே அந்தக் கூட்டுக்கென ஒரு பழைய செருப்பை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் நாள்தோறும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிகிறதா, கழுத்தைத் திருகுகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, காலும் இறகும் இழுபடுகின்றனவா? இவை நியூகாசில் நோயின் அறிகுறிகள். இதற்கு மருந்து இல்லை. தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. எச்சத்தில் இரத்தம் கலந்து, கோழி குறண்டிக்கொண்டு நின்றால் அது இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். உடனே கவனித்தால் இதைச் சுகப்படுத்த முடியும். கண்ணுக்குக் கீழே வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி வடிந்தால் சளி நோய். பூவிலும் முகத்திலும் கொப்புளமும் பொருக்கும் தோன்றினால் அம்மை. அம்மையை நுளம்பும் பரப்பும். மாரி தொடங்கும்போது இதில் கூடுதல் கவனம் தேவை.

இப்படி ஏதாவது தெரிந்தால் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அண்டை வீட்டார் கொடுத்த மாத்திரையை அரைத்துப் பருக்காதீர்கள். மருந்து கொடுத்தால், அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாட்களுக்கு உண்ணக்கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். செத்த கோழியைக் குளத்திலோ பற்றைக்குள்ளோ வீச வேண்டாம். நாய் தோண்ட முடியாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய்ப்பட்ட கோழியைக் கறிக்கு எடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். விற்றால் நோய் அடுத்த ஊருக்குப் போகும்.

கோழிகளைப் பெறும்போதே என்னென்ன தடுப்பு மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். நியூகாசில் தடுப்பு மருந்து உடலில் வேலைசெய்ய ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். மருந்து கொடுத்த மறுநாளே பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அந்த மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குப்பியில் பல கோழிகளுக்குப் போதுமான மருந்து இருக்கும். கரைத்த பிறகு எடுத்து வைக்க முடியாது. எனவே பத்து வீட்டுக்காரர் சேர்ந்து கோழிகளை எண்ணி, ஒரே நாளில் மருந்து போட ஒழுங்குசெய்யுங்கள். ஒழுங்கையில் மேயும் கோழிகளுக்கு வேலி கிடையாது. உங்கள் கோழிக்கு மருந்து போட்டு அடுத்த வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால் நோய் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பேன், செள்ளு, குடற்புழு ஆகியவற்றையும் இந்த மாதத்திலேயே பாருங்கள். இறகுக்குக் கீழும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் பேன் இருக்கும். சில செள்ளுகள் பகலில் தடிகளின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். ஆகவே இரவில் ரோச் வெளிச்சத்தில் கூட்டைப் பாருங்கள். சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து ஒரு குழியில் போட்டால் கோழிகள் தாமாகவே புரண்டு குளிக்கும். தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் கோழிக்குப் பூசவே கூடாது. புழு மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

திரும்பி வந்த வளவில் பழைய கூடு இருந்தால், பழைய எச்சத்தையும் மேல்மண்ணையும் சுரண்டி அகற்றி, நன்றாக வெயில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்த பின் பாவியுங்கள். தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். எச்சத்தோடு வெளியேறும் இரத்தக் கழிச்சற் கிருமி தொற்றும் நிலையை அடைய ஈரம் தேவை. உமியோ மரத்தூளோ போட்டு, நனைந்த பகுதியை உடனே மாற்றுங்கள்.

முட்டையிடும் கோழிக்கான தீனை இளம் பேடுகளுக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள அதிக சுண்ணாம்புச் சத்து அவற்றின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒன்றாக விட்ட பிறகு எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனைக் கொடுத்து, இடித்த சிப்பியைத் தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்குத் தேவையானதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

மாதத்தின் கடைசிக் கிழமையில் பழைய கோழிகளில் ஒன்றை மட்டும் புதியவற்றோடு விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுகமாக இருந்தால் மற்றவற்றையும் சேர்க்கலாம். முதலில் இரண்டு மூன்று நாட்கள் வலைக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்க்கட்டும். பின்பு ஒரு நாள் இருட்டிய பிறகு புதியவற்றைத் தூக்கிப் பழைய கூட்டுத் தடியில் இருத்துங்கள். விடியும்போது கொஞ்சம் கொத்துப்படும். சில நாட்களில் அடங்கிவிடும். இரையையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் இளம் பேடுகள் பட்டினி கிடக்காது. இரத்தம் வரும்படி கொத்துப்பட்ட கோழியை மட்டும் பிரித்தெடுத்து, காயம் ஆறியபின் விடுங்கள்.

உங்களிடம் கோழிகள் வந்து சேருமுன் செய்ய வேண்டியவை மூன்று: தனிக்கூடு ஒன்றைக் கட்டுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இந்தக் கையேட்டின் உள் அட்டையில் எழுதுங்கள். உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் எத்தனை கோழிகள் என்று கணக்கெடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கணக்கைக் கொண்டுவாருங்கள். மருந்து போடும் நாளை அன்றே முடிவுசெய்வோம்.