பொலிஸ் உத்தியோகமும் மனித சுபாவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் காரியதரிசி எமது இல்லத்துக்கு வந்து, "இவ்வளவு காலம் பொலிஸ் உத்தியோகம் பார்த்தீர்களே, மனிதரைப் பற்றி அங்கே என்ன படித்தீர்கள் என்று எங்கள் வாலிபருக்குச் சொல்லவேண்டும்" என்று கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். பொலிசார் மேடையேறினால் ஒன்றில் தாம் பிடித்த கள்வரின் கதையைச் சொல்லுவார்கள், அல்லது ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்வார்கள். முன்னையதில் அரைவாசி கற்பனை. பின்னையதைக் கேட்பதற்கு எம்மிடம் வரவேண்டியதில்லை. அதற்குத் தகுந்த பெரியோர் இச்சபையிலேயே இருக்கின்றனர். ஆகையால் நாம் பிழையாகப் பிடித்த ஒருவனுடைய கதையைச் சொல்லலாமென்று வந்துள்ளோம்.

"கெட்டவர்களையே தினமும் பார்த்து மனம் வெறுத்துப் போகவில்லையா?" என்று எம்மைக் கேளாதவர் இல்லை. உண்மையில், கெட்டவரென்று துணிந்து சொல்லத்தக்கவர்களை நாம் எமது சேவைக்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையிலேதான் கண்டோம். ஒரு கிராமத்துப் பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். வேலி, கிணற்றுப் பங்கு, பயிர் மேய்ந்த ஆடு, குடி, கைமாற்றுக் கடன், இவைதாம் பக்கம் பக்கமாக வரும்.

வேலியை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து வேலி கிளுவையும் பூவரசும் முள்முருக்குமாகக் கதியால் நட்டுக் கிடுகோ ஓலையோ வைத்து அடைப்பது. பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியது நடும்போது பழைய குழியிலே நட முடியாது; நாலு விரல் தள்ளித்தான் நடவேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது? அடைக்கிறவன் தன் வளவைக் குறைத்து நடமாட்டான். இப்படி இருபது வருஷம் போனால் ஒரு முழத்துக்கு மேல் போய்விடும். பிறகு ஒருநாள் கத்தி எடுப்பார்கள். உயிர்ச்சேதம் வருமென்று கண்டால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நாம் விஷயத்தை நீதிமன்றுக்கு அறிவிப்போம். அதற்கு முன்பு இரு பகுதியாரையும் வாங்கிலே இருத்தி விசாரிப்பதுண்டு. இருவரும் உறுதியைக் காட்டுவர். இருவரும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்ய ஆயத்தமாக நிற்பர். புதிதாகச் சேர்ந்த காலத்தில், இவர்களில் ஒருவர் பொய்யர் என்று எண்ணி அவரைத் தேடினோம். பத்து வருஷம் சென்ற பின்னரே விளங்கிற்று: பெரும்பாலும் இருவருமே பொய் சொல்லவில்லை. வேலி எங்கே நின்றதென்று ஒவ்வொருவரும் மெய்யாகவே நம்பினார்கள். தனக்கு வேண்டியதை நம்புவதற்கு மனிதனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்.

பொலிசாருக்கு வேண்டியது என்ன? வழக்கு முடியவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நாம் சப் இன்ஸ்பெக்டராக இருந்த ஒரு ஊரிலே தேர்த் திருவிழா. ஒரு தாய் நாலு வயதுப் பிள்ளையின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லையென்று ஓடிவந்தார். இரண்டு பவுண். தேர் இருப்புக்கு வந்ததும் பிள்ளையைக் கோயிற் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கால்முகம் கழுவினதாகவும், வீட்டுக்குப் போனபின்பே சங்கிலி இல்லாததைக் கண்டதாகவும் சொன்னார். வடம் பிடித்த சனநெருக்கத்தில் ஒரு பெடியன் தம்மை உரசிக்கொண்டு நின்றதையும் சொன்னார். இரண்டையும் எழுதியவர் நாமே. கிணற்றை நாம் மறந்தோம்; பெடியனைப் பிடித்துக்கொண்டோம்.

அவனுக்குப் பதினேழு வயது. சைக்கிள் கடையிலே ஒட்டு வேலை செய்பவன். தகப்பன் இல்லை. முன்பு ஒருமுறை தேங்காய்க் களவில் அகப்பட்டவன். இதற்குமேல் என்ன வேண்டும்? முகத்தைப் பார்த்தோம், கண்ணைத் தாழ்த்தினான். களவு தெரிகிறது என்று சார்ஜன்ட்டுக்குச் சொன்னோம்.

முகத்தைப் பார்த்துப் பொய்யை அறியும் வித்தை தமக்குக் கைவந்ததென்று எண்ணாத பொலிஸ்காரன் இல்லை. 2006ஆம் ஆண்டில் பொண்ட், டிபோலோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். பேச்சையும் முகத்தையும் கொண்டு மெய் பொய்யைத் தீர்த்தவர்கள் நூற்றுக்கு 54 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது சரிவரும். காக்கிச் சட்டை இதற்கு மேல் நாலு கொடுத்ததோ என்னவோ!

அடித்தீர்களா என்று கேட்பீர்கள். அடிக்கவில்லை. அதனை ஒரு பெருமையாக நெடுங்காலம் சொல்லித் திரிந்தோம். ஓர் இரவும் மறுநாள் மத்தியானம் வரையும் நித்திரையின்றி இருத்திக் கேட்டோம், அவ்வளவுதான். "சங்கிலியை இடக்கையாலா அறுத்தாய், வலக்கையாலா?" என்றோம். வலக்கை என்றான். "இங்கே விற்றாயா, பட்டணத்திலா?" என்றோம். பட்டணம் என்றான். வயது முதிர்ந்த சார்ஜன்ட் வெளியே கூப்பிட்டு, "சேர், பெடியன் நாங்கள் கேட்கிறதைத்தான் திருப்பிச் சொல்லுறான்" என்றார். அவருக்கு இளகிய மனமென்று எண்ணிக்கொண்டோம்.

சார்ஜன்ட் சொன்னதைப் பிற்காலத்தில் ஒரு புத்தகத்திலே வாசித்தோம். 1974இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை இரு மோட்டார் வண்டிகள் மோதும் படத்தை மாணவருக்குக் காட்டினார். சிலரிடம் வண்டிகள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார். வேறு சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார். ஒரு வாரத்தின் பின்பு கண்ணாடி உடைந்து கிடந்ததைக் கண்டீர்களா என்று விசாரித்தார். படத்திலே உடைந்த கண்ணாடியே இல்லை. முதற் பகுதியில் 50 பேரில் 7 பேர் கண்டோம் என்றனர். நொறுங்கிய என்ற சொல்லைக் கேட்டவர்களில் 50க்கு 16 பேர் கண்டார்கள். ஒரு சொல்லின் வேலை இது. நித்திரையில்லாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஓர் இரவு முழுவதும் எத்தனை சொல் கொடுத்திருப்போம்!

நமது நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டம் இதனை முன்பே அறிந்து வைத்திருந்தது. பொலிஸ் உத்தியோகத்தருக்குச் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்க முடியாது என்று அதன் 25ஆம் பிரிவு கூறுகின்றது. இளமையில் இப்பிரிவு எமக்கு அவமானமாகத் தோன்றிற்று. எங்களை நம்பாத சட்டத்துக்கு நாங்கள் ஏன் உழைக்கவேண்டும் என்று சக உத்தியோகத்தருடன் வாதாடியும் இருக்கிறோம். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கும் அவருக்கு மேற்பட்டவருக்கும் கொடுக்கும் ஒப்புதல் செல்லுமென்று 16ஆம் பிரிவில் விலக்குச் செய்தார்கள். தன்னை வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அதை எண்பிக்கும் பாரமும் சொன்னவன் தலையிலேயே வைக்கப்பட்டது. அதன் பலனை இச்சபையில் உள்ள சில குடும்பங்கள் எம்மைவிட நன்கு அறிவார்கள். பதவி உயர்ந்தால் மனித சுபாவம் மாறுமென்று அச்சட்டத்தை ஆக்கினவர்கள் எண்ணினார்கள் போலும். நாமும் பதவி உயர்ந்தோம். மாறவில்லை.

கதைக்குத் திரும்புவோம். பட்டணத்து நகைக்கடைக்காரர் அப்படியொரு சங்கிலியை வாங்கவேயில்லை என்றார். அவரையும் நாம் நம்பவில்லை. பொருள் அகப்படாததைப் பெடியனுடைய கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். பிணைக்கு ஆள் இல்லாமல் இருபத்துமூன்று நாள் அவன் விளக்கமறியலில் இருந்தான்.

சிலப்பதிகாரத்திலே கோவலனைக் கொல்லச் சென்ற காவலர் அவனைக் கண்டதும், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன், கள்வர் கையாளும் மந்திரம், மருந்து முதலிய எட்டு உபாயங்களையும் எடுத்துச் சொல்லுகிறான். அதாவது, கள்வனைப்போல் தோன்றாமையே அவன் பெருங் கள்வன் என்பதற்கு அடையாளம்! எங்கள் பிரசங்கிமார் பாண்டியனையும் பொற்கொல்லனையும் பற்றி நிறையச் சொல்லுவார்கள். எமக்கு அக்காவலரைப் பற்றியே நினைவு. தயங்கியவர்கள் அவர்கள்தான், ஆனால் தயக்கம் அவர்கள் வாயோடு நின்றுவிட்டது. எமது சார்ஜன்ட்டும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நாம் பேசவிடவும் இல்லை.

வைகாசியில் நடந்தது திருவிழா. ஆவணியிலே தண்ணீர் கீழிறங்கியிருந்த சமயம் கோயிற் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினார்கள். மூன்றாவது கடகத்துச் சேற்றிலே சங்கிலி வந்தது. அது அறுந்திருக்கவில்லை. கொக்கி நெளிந்து கழன்றிருந்தது. வலக்கையால் அறுத்தேன் என்ற வாக்குமூலம் எமது மேசையிலே, எமது கையெழுத்திலே கிடந்தது.

நீதவானுக்கு அறிவித்து வழக்கை முடித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனோம். தாய் ஒரு செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்; ஒன்றும் பேசவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டோம். பெடியன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, "ஐயா, நான் எடுத்தனான் எண்டு ஏன் சொன்னனான் எண்டு எனக்கே விளங்கேல்லை. மறியலிலை இருக்கேக்கை, எடுத்துத்தான் இருப்பனோ எண்டும் யோசிச்சனான்" என்றான். அதே கண்ணைத் தாழ்த்தின முகம்தான். அது அவன் இயல்பு.

பிறகு சங்கிலியைக் கொடுக்க அந்தத் தாயிடம் போனோம். நல்ல பெண், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, பிடிபட்டுப் போவன் எண்ட பயத்திலை அவன்தான் கிணத்துக்கை எறிஞ்சிருப்பான்" என்றார். கொக்கியைக் காட்டி விளக்கினோம். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

அவரைக் குறைகூற நாம் இதனைச் சொல்லவில்லை. அன்றிரவு படுக்கையிலே கிடந்தபோது அதே எண்ணம் எமக்கும் வந்தது. விடியும்வரை அது போகவில்லை.