குருதி கூறும் செய்தி



தடிமனும் காய்ச்சலும் நமக்குப் புதியவையல்ல. கொத்தமல்லிக் குடிநீர் அருந்தி, இரண்டு நாள் ஓய்ந்திருந்து எழுந்துவிடுகின்றோம். ஆயினும் ஒரே வைரசு ஒரே வீட்டில் இருவரைப் பற்றும்போது, ஒருவர் நாலாம் நாள் வேலைக்குச் செல்கின்றார். மற்றவரோ மூச்சுத் திணறி வைத்தியசாலையை அடைகின்றார். வயதும் முன்னிருந்த நோய்களும் இதற்குக் காரணமாகலாம். கிருமியை எதிர்க்க உடல் மூட்டும் தீயே அளவு கடந்து உடலைச் சுடுவதும் ஒரு காரணமாகும். இத்தீயை மருத்துவர் அழற்சி என்பர்.

இத்தீயின் அளவைக் குருதியில் அறியலாம். 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தில்லற், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் குருதியிலே ஒரு புதிய பொருளைக் கண்டனர். நோய் தணிந்ததும் அது மறைந்தது. அதுவே இன்று சி.ஆர்.பி. எனப்படும் புரதம். அழற்சி எழுந்ததும் இன்ரர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் ஈரலுக்குச் செய்தி சொல்ல, ஈரல் இப்புரதத்தை ஆக்குகின்றது. சுகதேகிகளிடம் இலீற்றருக்குச் சில மில்லிகிராம் அளவே இருக்கும் இது, கடும் நோயில் நூற்றுக்கு மேலும் உயரும்.

தீ மூட்டும் உடலே அதைத் தணிக்கவும் முயல்கின்றது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள், நெருக்கடி வேளையில் கோட்டிசோல் என்னும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கின்றன. 2020இல் இலண்டன் வைத்தியசாலைகளில் கொரோனா நோயாளரை ஆராய்ந்தோர், கோட்டிசோல் மிக உயர்ந்தவர்களிடையே மரணமும் கூடுதலாக இருக்கக் கண்டனர். அவர்களின் உயிரைப் பறித்தது கோட்டிசோல்தான் என்று நாம் எண்ணிவிடலாகாது. மணியோசை பலமாகக் கேட்பது ஆபத்து பெரிதென்பதற்கு அடையாளம். மணி ஆபத்தை உண்டாக்குவதில்லை.

அதே ஆண்டு பிரித்தானியாவில் நடந்த 'றிக்கவரி' ஆய்வு நமக்கு ஓர் அரிய பாடத்தைத் தந்தது. கோட்டிசோலுக்கு உறவான டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து, நாள் ஒன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்தோரிடையே மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் பெற்றோருக்கும் நன்மை கிட்டியது. ஒட்சிசன் தேவைப்படாதோருக்கோ எந்த நன்மையும் காணப்படவில்லை. தீ அளவோடிருக்கும்போது அதை அணைப்பது, கிருமிக்கு வழி திறந்து கொடுப்பதாகவும் முடியலாம்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அயலவருக்குச் சுகம் தந்த குளிசை என்று கேட்டு, காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டெரொயிட் மருந்தை வாங்கி விழுங்குவோர் நம்மிடையே உளர். ஒருவரைக் காத்த மருந்து, நேரந் தவறினால் மற்றவருக்குத் தீங்காகும். வேறு நோய்க்காக வைத்தியர் சொற்படி அதை உட்கொள்வோர் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானதே.

குருதிச் சோதனைத் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம். அதை மட்டும் நம்பி வாளாவிருக்கவும் வேண்டாம். சி.ஆர்.பி. எந்தக் கிருமி வந்ததென்று சொல்லாது. சாதாரண காயத்தினாலும் அது உயரும். நோயாளியின் மூச்சையும் நாடியையும் கண்ட வைத்தியருக்கே அவ்வெண் பொருள் தரும்.

இளைஞர்களே! வீட்டிலுள்ள முதியோரை நீங்களே கவனிக்க வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாகக் காயாமலே நோய் முற்றக்கூடும். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பேச்சுத் தடுமாறினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரியோர்களே! பிள்ளைகளுக்குத் தொல்லை என்று எண்ணி நோயை மறைக்காதீர்கள். குருதி தன் செய்தியை மறைப்பதில்லை; நாமும் மறைக்காதிருப்போமாக.