உயில் நமக்கும் வேண்டும்



உயில்னா வசதியானவங்க சமாச்சாரம்னு நினைக்கிறோம். ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்க. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் ஒரு பெண்ணின் கணவர் இறந்துட்டார். புகுந்த வீட்டார் விரட்டிட்டாங்க. தாய்வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சொத்து சேர்த்தார். 1996ல் குழந்தையும் இல்லாமல், உயிலும் எழுதாமல் இறந்தார். 2009ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொத்தை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? கணவருடைய சகோதரியின் மகன்களுக்கு! இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் இருக்கு.

முதல்ல பட்டா, பத்திரம், நகை, சேமிப்பு, கடன் எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் போடுங்க. உயிலை வெள்ளைத்தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்தோ கைரேகையோ வையுங்க. அவங்களும் உங்க முன்னால் கையெழுத்துப் போடணும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்தால் நல்லது. இஸ்லாமியச் சகோதரிகளுக்கு விதிகள் வேறு, வக்கீலைக் கேளுங்க.

எழுதினதோடு விட்டுடாதீங்க. நிலத்தை விற்றாலோ, குடும்பத்தில் யாராவது இறந்தாலோ, தேதி போட்டுப் புது உயில் எழுதி, பழையதை ரத்து செய்வதாகக் குறிப்பிடுங்க. கடைசி உயில்தான் செல்லும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலோட வாங்க.