செந்நாய்த் தலைக்குச் சன்மானம்

எங்கள் மானாம்பதிப் பக்கம் ஆட்டுக்குட்டியை நரி தூக்கினால் கோபம் வருவது நியாயம்; ஆடு நம் பிழைப்பு. ஆனால் காட்டு மானுக்காகச் செந்நாயைக் கொல்லலாமா?

நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் அதுதான் நடந்தது. வேட்டை விலங்குகளைக் காக்க 1879-இல் தனிச் சட்டமே போட்டார்கள். கடமானையும் புள்ளிமானையும் அழிக்கிறது என்று செந்நாய் மேல் பழி. கொன்று கொண்டுவந்தால் சன்மானம். மிஞ்சிய மான் துரைமார் துப்பாக்கிக்கு! இதை மான் மேல் வைத்த அன்பென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செந்நாய் குரைக்காது. சீட்டியடித்துக் கூட்டம் சேர்த்து, ஓடும் மானை மடக்கி, உயிர் போகுமுன்பே கடித்துத் தின்னும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் அதன் பிழைப்பு அது. 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் நம் தமிழர் ஜான்சிங். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்டது. முதுமலையில் இன்று செந்நாயும் உண்டு, கூட்டம் கூட்டமாகப் புள்ளிமானும் உண்டு.