சர்க்கரை மாத்திரையும் மரத்துப்போகும் பாதங்களும்

(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோயைப் பற்றி நம் வடக்கனந்தலில் கேட்காத அறிவுரை இல்லை. இனிப்பைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், கோமுகி அணை வரையிலாவது நடந்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் இன்று நாம் பேச வந்தது அதுவன்று. அந்த நோய்க்காக ஆண்டுக்கணக்கில் உண்ணுகின்ற மாத்திரையானது, ஓசையின்றி நம் உடலில் குறைத்துவிடுகின்ற ஒரு சத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம். அச்சத்தின் பெயர் வைட்டமின் பி12. அம்மாத்திரையின் பெயர் மெட்பார்மின்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறோம். இவ்வுரையைக் கேட்டுவிட்டு, அல்லது பின்னர் மலரில் படித்துவிட்டு, எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பாதி கேட்டுவிட்டு எழுந்து செல்வோரால்தான் நமக்கு அச்சம்!

மெட்பார்மின் சாதாரணமான மருந்தன்று. ஐரோப்பாவில் கலேகா என்னும் ஒரு செடியைப் பழங்காலத்தில் நாட்டு மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். அதிலுள்ள பொருளோடு உறவுடைய இம்மருந்தை 1922ஆம் ஆண்டு டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர் முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். பாரிசைச் சேர்ந்த மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் நீரிழிவு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். 1998இல் வெளிவந்த பிரிட்டனின் பெரும் ஆய்வு ஒன்று, உடல் பருத்த நீரிழிவு நோயாளிகளிடம் இம்மருந்து மாரடைப்பை 39 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. நம் சென்னையிலேயே டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் நின்றவர்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்தபோதும் நோய் வருவதை இது நான்கில் ஒரு பங்குக்கு மேல் தடுத்தது. விலையும் குறைவு. தனியே உண்ணும்போது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவதும் அரிது. ஆகவேதான் உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையாக இது நீண்ட காலமாக இருந்து வருகிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். அவர்களில் எத்தனை கைகளில் இந்த வெள்ளை மாத்திரை இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பி12க்கு வருவோம். இரத்தத்தின் சிவப்பணுக்கள் உருவாவதற்கும், நரம்புகளின் மேலுறை கெடாமல் இருப்பதற்கும் இச்சத்து வேண்டும். மின்கம்பிக்கு மேலே உறை இருப்பதைப் போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது தேய்ந்தால் செய்தி சரியாகப் போகாது. நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. இதைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை. பாலிலும், முட்டையிலும், மீனிலும், இறைச்சியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஈரலிலும் இருக்கிறது.

உண்டால் மட்டும் போதாது. இரைப்பை சுரக்கின்ற ஒரு புரதம் இச்சத்தைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். சிறுகுடலின் கடைக்கோடியில் சுண்ணாம்புச் சத்தின் துணையோடு அது உள்ளே இழுத்துக்கொள்ளப்பட வேண்டும். மெட்பார்மின் இந்தக் கடைசி வாசலில்தான் இடையூறு செய்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுண்ணாம்புச் சத்தைக் கூடுதலாகக் கொடுத்தபோது உறிஞ்சுதல் மீண்டும் சீரடைந்தது. (இதைக் கேட்டுவிட்டுக் கால்சியம் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். அது ஆய்வுக்காகச் செய்யப்பட்டது.)

இது நேற்று இன்று கண்டுபிடித்த செய்தியன்று. 1971லேயே பெல்பாஸ்ட் நகர மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், மெட்பார்மினை நெடுநாள் உண்டவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்குப் பி12 உறிஞ்சுதல் குறைந்திருப்பதை எழுதினர். 2010இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், 390 நோயாளிகளில் ஒரு பகுதியினர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் மெட்பார்மினும், மற்றவர்கள் போலி மாத்திரையும் உண்டனர். மெட்பார்மின் உண்டவர்களின் இரத்தத்தில் பி12 அளவு 19 சதவீதம் தாழ்ந்திருந்தது. 2022 ஜூனில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது அரிதான பக்கவிளைவன்று, பத்தில் ஒருவர் வரையிலும் ஏற்படக்கூடியது என்று மருத்துவர்களுக்கு அறிவித்தது. ஐம்பது ஆண்டுகள் மருத்துவ இதழ்களில் இருந்த செய்தி, மாத்திரை உண்ணும் மனிதரின் காதுக்கு இன்னும் வரவில்லை என்பதே நம் ஆதங்கம்.

ஏன் வரவில்லை? ஒரு காரணம், குறைபாடு மிக மெதுவாக வருவது. நம் ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருக்கிறது. வரத்துக் குறைந்த அணையைப் போல, மதகு திறந்திருக்கும் வரை வயலில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரை தொடங்கி நான்கு, ஐந்து ஆண்டுகள் கழித்தே தரை தெரியத் தொடங்கும். அதற்குள் மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தார் என்பதே மறந்திருக்கும்.

மற்றொரு காரணமே மிகவும் துயரமானது. பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும், ஊசி குத்துவது போலிருக்கும், பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றும். சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கினாலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தாம். ஆகவே அத்தா கால் எரிகிறது என்றால், மகன் "சர்க்கரை இருந்தால் அப்படித்தான்" என்கிறார். பக்கத்து வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். அத்தாவும் அதை நம்பிவிடுகிறார். உண்மையிலேயே பெரும்பாலோருக்குச் சர்க்கரையினால் வந்த மரத்துப்போதலாகவே அது இருக்கலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். சிலருக்கு பி12 குறைவே முதற்காரணமாக இருக்கும். இவற்றுள் சர்க்கரையால் கெட்ட நரம்பைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம். பி12 குறைவையோ காலத்தில் கண்டால் சில ஊசிகளாலும் மாத்திரைகளாலும் சரிசெய்துவிடலாம். காலம் தாழ்த்தினால் அந்த நரம்பும் மீளாமற் போகக்கூடும். எளிதில் தீரக்கூடிய ஒன்றைத் தீராததென்று எண்ணி ஒருவர் மூலையில் அமர்ந்துவிடுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

நம் அன்றாட அமல்களிலேயே இதை அறிய வழியிருக்கிறது. ஹவுளில் ஒளு செய்யும்போது, முகத்தில் தண்ணீர் இறைத்துக் கண்களை மூடியவுடன் உடல் தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். கால் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் பழுதானவர்கள், கண்ணால் பார்த்தே நிலைகொள்கிறார்கள். கண்ணை மூடினால் நிலை தவறுகிறது. சுபுஹுக்கு இருட்டில் வரும்போது கால் தடுமாறுவதும், ஸஜ்தாவிலிருந்து எழும்போது பிடிப்பைத் தேடுவதும் அவ்வகையே. முதுமை என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் கழுவும்போது விரலிடுக்குகளைப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கரும்புத் தோகை வெட்டியதும், வயல் வரப்பில் முள் தைத்ததும் உணராத பாதத்தில் புண் ஒரு வாரம் ஒளிந்திருக்கும்.

மரத்துப்போதல் தவிர, காரணமில்லாத களைப்பு, வெளிறிய முகம், வழவழப்பாகிச் சிவந்து எரியும் நாக்கு, மறதி, மனச்சோர்வு ஆகியவையும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். இரத்தச் சோகை இல்லாமலேயே நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு என்பதால், இரத்தம் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது.

இங்கே சிலர் மனத்தில் எழும் கேள்வி நமக்குத் தெரியும். "நாமெல்லாம் கறி உண்பவர்கள்; சைவர்களுக்கு அல்லவா இது குறையும்?" என்பார்கள். பால், தயிரையும் குறைவாக உண்ணும் மரக்கறியாளருக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் நம்மில் எத்தனை குடும்பங்களில் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கறி வேகிறது? பெருநாளுக்கும் குர்பானிக்கும் உண்டது ஆண்டு முழுமைக்கும் ஆகாது. வீட்டில் கறி சமைத்தாலும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றி உண்ணும் தாய்மார்களை நாம் அறிவோம். மேலும், வாசலில் தடை இருக்கும்போது எவ்வளவு உண்டாலும் உள்ளே செல்வது குறைவே.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980இல் நேச்சர் இதழில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நலமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் தாமே பி12ஐ உண்டாக்குகின்றன என்பது அது. குறைந்த உணவிலும் நம் முன்னோர் ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வல்லோன் வைத்த ஏற்பாடு! எனினும் மாத்திரையின் தடைக்கு முன்னால் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது.

யாருக்கு ஆபத்து மிகுதி? நாள்தோறும் 1500, 2000 மில்லிகிராம் என்று கூடுதல் அளவில் உண்போர், நான்கு ஆண்டுகளுக்கு மேல் உண்போர், முதியோர், வயிற்றெரிச்சலுக்கென்று பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றையும் நெடுநாள் சேர்த்து விழுங்குவோர். இரைப்பை அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவதே தடைப்படும். சர்க்கரை மாத்திரையோடு ஒரு வாயு மாத்திரையும் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதை விட்டொழிக்க வேண்டும்.

"நான் உண்பது மெட்பார்மின் அல்லவே" என்று உறுதியாகச் சொல்வோரும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. நடக்க முடியாதவர்களுக்கும், கல்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழ்வோருக்கும் இது பெரும் உதவி. ஆனால் மாத்திரை வீடு வருகிறது என்பதற்காக மருத்துவரைக் காண்பதை விட்டுவிடுவது முறையன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று, "நான் இத்தனை ஆண்டுகளாக மெட்பார்மின் உண்கிறேன், பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இடையிடையே பரிசோதிக்குமாறு 2017 முதல் பரிந்துரைத்து வருகிறது.

இது விரலில் குத்தியவுடன் தெரியும் பரிசோதனையன்று. இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது. பொதுவாக ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 200க்கும் 300க்கும் இடையே இருந்தால் ஐயத்துக்குரியது என்றும் கொள்வர். சத்து ஊசி போட்டுக்கொண்ட பின் பரிசோதித்தால் அளவு உயர்ந்து காட்டும். எனவே முதலில் பரிசோதனை, பிறகே ஊசி. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி கூட, பி12 குறைவால் வரும் இரத்தச் சோகையில் உண்மைக்கு மேல் உயர்ந்து காட்டக்கூடும். சர்க்கரை ஏறிவிட்டதென்று மாத்திரையைக் கூட்டும் முன் இதையும் நினைவில் கொள்வது நன்று.

இரத்தச் சோகை என்றவுடன் ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரையை மட்டும் உண்டு திருப்தி அடைவதிலும் ஓர் ஆபத்து உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு 1940களில் அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. பி12 இன்னும் கண்டறியப்படாத அக்காலத்தில் கடும் இரத்தச் சோகைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் ஊறியது; ஆனால் பலருக்கு நரம்பு நோய் முற்றியது. 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகே தெளிவு பிறந்தது. கருவுற்ற தாய்மார்கள் ஃபோலிக் அமிலம் உண்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் அவசியம் உண்ண வேண்டும். "நரம்பு மாத்திரை" என்று கடையில் வாங்குவதிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றிலுள்ள பி6 அளவு மீறி நெடுநாள் உடலில் சேர்ந்தால், அதுவே பாதத்தை மரக்கச் செய்யும்.

குறைபாடு உறுதியானால் மருத்துவர் ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ தருவார். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் ஒரு சதவீதம் அந்த வாசலை நாடாமலேயே இரத்தத்தில் கலந்துவிடும். தேவைக்கு அதுவே போதும். இதன் மூலப்பொருள் பற்றிச் சிலர் தயங்குவதை அறிவோம். இன்று பி12 தொழிற்சாலைகளில் நுண்ணுயிர்களை வளர்த்தே தயாரிக்கப்படுகிறது. ஐயம் எழக்கூடியது கேப்சூல் உறையிலுள்ள ஜெலட்டின் பற்றித்தான். அவ்வாறு ஐயப்படுவோர் மாத்திரையாகவோ ஊசியாகவோ கேட்டுப் பெறலாம். அதற்கு மேலுள்ள விளக்கத்தை நம் ஆலிம்களிடம் பெறுவதே பொருத்தம்.

கூட்டம் முடிந்ததும் சற்று நேரம் இங்கேயே இருப்போம். வீட்டிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வந்திருப்பவர்கள் காட்டலாம். அதில் மெட்பார்மின் இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்பதைப் படித்துச் சொல்கிறோம். எந்த ஆண்டு தொடங்கினீர்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்தி வையுங்கள். தாய்மார்கள் தம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம்.